புகை போகும் பக்கம்

மூன்றாம் தடவையும் அதே இடத்தில்தான்.
பேராறு தாண்டி, பாலைமரங்களுக்குள் நுழையுமுன்
குறுக்கே கிடக்கிற அந்தப் பழைய மண் அணை.
முன்சில்லு ஏறும், ஜீப்பின் மூக்கு வானத்தைப் பார்க்கும்,
பிறகு தலை குனியும்,
கடைசியில் வால் மட்டும் மண்ணில் குந்தும்.
ஒரு சத்தம்:
அலுமினியச் சட்டியை ஆரோ மிதித்த மாதிரி.

இறங்கிப் பார்த்தேன்.
புகைக்குழாயின் வாய் நசுங்கி
வெற்றிலை மடிப்பளவு இடுக்கு.
அதற்குள்ளும் களி.
வீரைக் குச்சியால் தோண்டினேன்.
மூச்சு முட்டிய எஞ்சின்
பட்டிவரைக்கும் இருமிக்கொண்டே வந்தது.

அன்னலிங்கத்தார் படலையைத் திறக்கவில்லை.
"கத்தி ஓய்ஞ்சிட்டுது, மிஸ்."
சிவலைப் பசு என்னைப் பாராமல் அசை போட்டது.
இனி இருபத்தொரு நாள்.

பின் இருக்கையைக் கழற்றிய இடத்தில்
கயிறு போட்டுக் கட்டிய நைதரசன் கலன்.
மூடியைத் தூக்கினால் வெள்ளைப் புகை தரையில் வழியும்;
விரல் விட்டால் விரல் மிஞ்சாது.
அந்தக் குளிருக்குள், ஈர்க்கு மொத்தக் குழல்களில்,
பிறக்காத கன்றுகள்
கியூவில் நிற்கின்றன.
தகட்டுக்குக் கீழே சைலன்சர் கொதிக்கிறது.
நடுவில் இருப்பது
துரு தின்று மிச்சம் விட்ட இரும்பு.

அணையைச் சமப்படுத்தச் சொல்லிக் கடிதம் போட்டிருந்தேன்.
பிரதேச செயலகம் வனத் திணைக்களத்தைக் காட்டியது,
வனத் திணைக்களம் வேறு ஆரையோ காட்டியது.
அது ஆருடைய அணை என்று
ஆருக்கும் எழுத்தில் தெரியாது.
கட்டியவர்களைக் கேட்கவும் வழியில்லை.
அணையை வெட்ட ஏழு கையெழுத்து வேண்டும்.
குழாயை வெட்ட
ஒட்டுசுட்டானில் பத்திநாதன் போதும்.

அவன் மல்லாந்து ஜீப்புக்குக் கீழே போனான்.
வெளியில் இரண்டு கால்கள். கால்கள் கதைத்தன.
"வாலை வெட்டுவம் அக்கா."
"வெட்டிப்போட்டு?"
"எங்கையாவது திருப்பி விடுவம்."

அந்த எங்கையாவதுதான் கரைச்சல்.
சில்லுக்கு முன்னால் விட்டால் பிரேக் குழாய் வேகும், ரயர் வேகும்.
உழவு இயந்திரம் மாதிரி மேலே நிமிர்த்தினால்
காட்டுக்கொடி பிடித்து இழுக்கும்.
நேரே கீழே விட்டால், ஆவணி மாதத்து இலுக்குப் புல்,
ஒரு பொறி போதும்.
இடப்பக்கம் விடலாம், சுகம், வளைவும் குறைவு.
ஆனால் இடப்பக்கம்தான்
பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளைச் சரித்துக்கொண்டு
எனக்கு வழிவிட்டு நிற்பார்கள்.

சோக்குக் கட்டியை வாங்கி
நானே கோடு கீறினேன்:
அச்சுக்கு மேலால் ஏறி, சட்டத்தை ஒட்டி,
பின்சில்லுக்குப் பின்னால்
வலப்பக்கம்.
"உங்கட யன்னலுக்கெல்லோ வரும்?"
"பூட்டுவன்."
"பூட்டினா வெக்கை."
"வெட்டு, தம்பி."

நீலப் பொறி பறந்தது.
பழைய ரயரை அறுத்துத் தொங்குபட்டி.
எண்ணெய்ப் பரலின் மூடி ஒன்று
கலனுக்கும் நெருப்புக்கும் நடுவே தட்டியாய்ப் போனது;
அதில் பாதி எழுத்து இன்னும் வாசிக்கலாம்.
கூலி ஆறாயிரம். பற்றுச்சீட்டு இல்லை,
ஆகவே அந்த ஆறாயிரமும் என்னுடையது.

இருபத்தொராம் நாள், விடியப்புறம் போன்.
அணையில் ஏறும்போது பல்லைக் கடித்தேன்.
மூக்கு வானம் பார்த்தது, தலை குனிந்தது,
வால்
ஒரு சாண் உயரத்தில்
சும்மா கடந்துபோனது.
சத்தம் வரவில்லை.
வராத சத்தத்துக்காக
தோள் இரண்டும் கொஞ்ச நேரம் உயர்ந்தே இருந்தன.
கண்ணாடியில் பார்த்தேன்: அணை அப்படியே.
எங்கள் சில்லுத் தடம் இரண்டு மட்டும்
அதன் முதுகில் ஆழமாகிக்கொண்டு.

சிவலை கத்திக்கொண்டு நின்றது.
வெள்ளைப் புகைக்குள் கொறடு விட்டு
ஒரு குழலை எடுத்தேன்.

அதற்குப் பிறகு இன்னொரு இருபத்தொரு நாள்.
போன் வரவில்லை.
வராததுதான் செய்தி.

யன்னலைப் பூட்டுவதேயில்லை, வெக்கை தாங்காது.
என் சட்டைகளில் வலக்கை மட்டும்
கறுத்துக்கொண்டு வருகிறது,
தோய்க்கத் தோய்க்க.